பேச்சியம்மாளின் கார்டில் நான் எழுதாத வரி

போன மாதம், காசநோய்ப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை போட்டார்கள், காபி கொடுத்தார்கள், மைக்கைக் கையில் திணித்து "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். நானும் வழக்கமான நாலு கதையை அவிழ்த்துவிட்டேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், மாத்திரையே வேணாம்னு அடம்பிடிக்கிற பேஷண்டை நீங்க எப்படிச் சம்மதிக்க வைப்பீங்க?"

என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாதியில் விட்டுப்போன நோயாளியை வீடு தேடிப் போய்ப் பிடித்து மறுபடி மாத்திரை போட வைப்பதில் எனக்கு அப்படி ஒரு பேர். ஆனால் அன்றைக்கு, "பொறுமையா எடுத்துச் சொல்லணும்மா" என்று எதையோ உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். பசுமலையில் ஒண்டுக்குடித்தனம், கணவருக்கு மில் வேலை. பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுரையீரல் படம், சளிப் பரிசோதனை, மருந்துகளின் பேர் என்று எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உருப்போட்டேன். அதில் ஒரு பக்கத்தில், தோலில் தடிப்போ கொப்புளமோ வாயில் புண்ணோ கண்டால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், மருத்துவர் பார்க்காமல் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. பாவம், அவளுக்கு அது தெரியாது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தேன். அதற்கு மார்க்கும் வாங்கினேன்.

அப்போது சிகிச்சை ஒரு வருஷத்துக்கு மேல் நீளும். எங்களிடம் வந்த பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு கலப்பு மாத்திரைதான். ஐ.என்.எச். என்ற மருந்தும் தயாசிடசோன் என்ற மருந்தும் சேர்ந்தது. தினம் ஒன்று. மாதத்துக்கு ஒரு முறை வந்து முப்பது மாத்திரையைக் காகிதப் பொட்டலத்தில் வாங்கிப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு கார்டு இருக்கும். வந்தால் அதில் தேதி விழும். வராவிட்டால் முதலில் தபால் போடுவோம். அதற்கும் அசையாவிட்டால் நான் போவேன். போன இடத்தில் என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கார்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நோயாளியிடம் மாத்திரையின் பேரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் மையத்தில் எழுதி வைக்காத சட்டம். பேர் தெரிந்தால் கடையில் வாங்கிக் கண்டபடி தின்பார்கள், இருமுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாலு கொடுப்பார்கள் என்று பயம். கேட்டால், "சீக்கு போறதுக்கு மாத்திரை" என்போம். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போவதிலும் ஒரு தந்திரம் உண்டு. காசநோய் ஆபீசிலிருந்து ஆள் வந்தது என்று தெருவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள். அதனால் நான் ஒரு துணிப்பையில் ரவிக்கைத் துண்டுகள் நாலைந்து வைத்திருப்பேன். துணி விற்கிறவள் மாதிரிப் போய் வாசலில் நின்று, துண்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டே மெதுவாகப் பேச வேண்டியதைப் பேசிவிடுவேன். பல தெருக்களில் நான் "துணிக்காரக்கா"தான். சில சமயம் நிஜமாகவே விலை கேட்டு வந்து நிற்பார்கள். "இது எடுத்தாச்சு ஆத்தா, அடுத்த தடவை கொண்டாரேன்" என்று சமாளிப்பேன். இதையெல்லாம் பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மெடிக்கல் ஆபீசர் பேர் இங்கே வேண்டாம். கெட்டிக்காரர், நேர்மையானவர், ஒரு பைசா கை நீட்டாதவர். ஆனால் ஆளைப் பார்க்க மாட்டார். நோயாளி வந்து எதிரில் நின்றதும் குனிந்தபடியே கையை நீட்டுவார். கார்டை அந்தக் கையில் வைக்க வேண்டும். "இருமல்? சளி? பசி?" மூன்றே கேள்வி. அவர் அறையில் நோயாளி உட்கார நாற்காலியோ ஸ்டூலோ கிடையாது. நாங்கள் எதையாவது விளக்கப் போனால், "கார்டு என்ன சொல்லுது?" என்று வெட்டிவிடுவார். "ஆளு பொய் சொல்லுவான்மா. கார்டு பொய் சொல்லாது." இதை அவர் வாயால் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன்.

சேர்ந்த புதிதில் நான் இளகின மனசுக்காரி. கீழக்குயில்குடியில் சோலை என்று ஒரு விவசாயக் கூலி இருந்தார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார், இருமல் நின்றது, வருவதை நிறுத்திவிட்டார். தேடிப் போனேன். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், "நல்லாயிருக்கேன் தாயி. அம்புட்டு இருமலும் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை? இல்லாதவனுக்குக் குடுங்க" என்று சிரித்தார். ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தார். அறுப்பு முடிந்ததும் வருவதாகச் சொன்னார். சரி என்று திரும்பிவிட்டேன்.

அறுப்பு முடிந்து அடுத்த நடவும் முடிந்த பிறகு, கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாயில் கட்டியிருந்த துண்டு முழுக்க ரத்தம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. டாக்டர் கார்டைத் திருப்பி, நான் எழுதியிருந்ததைப் படித்தார். "அறுப்பு முடிந்து வருவதாகக் கூறினார்" என்று வாசித்துவிட்டு, "நீங்க நம்பிட்டீங்க" என்றார். சோலையின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுததை மரத்தடியில் நின்று பார்த்தேன். இனிமேல் எவன் என்ன சாக்குச் சொன்னாலும் மாத்திரையை விழுங்க வைக்காமல் வாசலை விட்டு நகருவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பேர் வந்தது. திட்டினேன், கெஞ்சினேன், பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தினேன். ஆளை மையத்துக்குக் கூட்டி வர வேண்டுமே தவிர, வீட்டுக்கு மாத்திரை எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. நான் எடுத்துப் போனேன். துணிப்பையின் அடியில் பொட்டலம் இருக்கும். கூட்டி வரலாம் என்று பார்த்தால் பாதிப் பேர் வழியிலேயே கழன்றுவிடுவார்கள். ஒரு மாத்திரையை என் கண் முன்னால் போட வைத்துவிட்டு, மீதியைக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். விட்டுப்போனவர்கள் எண்ணிக்கை என் வட்டாரத்தில்தான் குறைவு. டாக்டர்கூட ஒரு முறை எல்லார் முன்னாலும், "இந்தம்மா மாதிரி வேலை பாருங்க" என்றார்.

இப்போது பேச்சியம்மாளுக்கு வருகிறேன்.

செல்லூரில் ஒரு சந்து. பவர்லூம் சத்தம் நாள் முழுக்க ஓயாது. சந்தின் நடுவே தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள், நூலுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். பேச்சிக்கு அப்போது இருபத்துநாலு வயசு இருக்கும். கணவர் முருகேசன் பவர்லூமில் தறி ஓட்டுகிறவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் மாமியார். பேச்சி ஒழுங்கான பெண், முதல் மாதம் சொன்ன தேதிக்கு வந்து மாத்திரை வாங்கிப் போனாள். இரண்டாம் மாதம் வரவில்லை. தபாலுக்கும் பதில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வாசலில் நின்று ஒரு பச்சைத் துண்டைப் பிரித்தேன். பேச்சி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். மாமியார் உள்ளே ராட்டையில் நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் வரல?" என்றேன்.

"அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலக்கா." துண்டைத் தடவிப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினாள். "உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி எரிஞ்சுச்சு. வாய்க்குள்ள புண்ணு, சோறு எறங்கல. கண்ணைத் தொறக்க முடியல. நிறுத்துன பெறகுதான் கொஞ்சங்கொஞ்சமா வாடுச்சு."

"எத்தனை நாளாச்சு நிறுத்தி?"

"பத்து நாளு இருக்கும்."

"இப்ப எங்கே இருக்கு? காட்டு."

மணிக்கட்டைக் காட்டினாள். கறுத்த தழும்பு மாதிரி நாலைந்து புள்ளி, அவ்வளவுதான். "மீதியெல்லாம் சேலைக்குள்ள இருக்குக்கா, இங்கன எப்பிடிக் காட்டுறது?" என்றாள். தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற ஆண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வா என்று அவளும் கூப்பிடவில்லை, துணி விற்கிறவளை யார் உள்ளே கூப்பிடுவார்கள்? நானும் உள்ளே போகட்டுமா என்று கேட்கவில்லை.

"சூட்டுக்கட்டி" என்றேன். "மோர் குடி. எண்ணெய் தேய்ச்சுக் குளி."

"மோர்லாம் குடிச்சேன்க்கா. இது அந்த மாத்திரையாலதான். இதுக்குப் பதிலா வேற மாத்திரை இருக்காதா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன். வேற எதுனாலும் முழுங்குறேன், சத்தியமா."

"நாளைக்கு வா, கூட்டிப் போறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் கண்ணுக்குச் சோலைதான் தெரிந்தார். வேறு மாத்திரை வேண்டும், அறுப்பு முடியட்டும், ஒத்துக்கவில்லை என்று அதுவரை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்!

"டாக்டருக்கு வேற சோலி இல்லையா? ஆளாளுக்கு ஒரு மாத்திரைன்னா ஆஸ்பத்திரி தாங்குமா? உன் மகளைப் பாரு. அவளுக்கு ஆத்தா வேணுமா வேணாமா? எந்திரி, தண்ணி கொண்டா."

பேச்சி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பையின் அடியிலிருந்து முப்பது மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து, ஒன்றை அவள் கையில் வைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். விழுங்கியிருந்தாள். மீதிப் பொட்டலத்தை அந்தப் பச்சைத் துண்டுக்குள் சுற்றிக் கொடுத்தேன்.

"வாரேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

கார்டில் இப்படி எழுதினேன்: "நோயாளி நேரில் சந்திக்கப்பட்டார். அறிவுரை வழங்கப்பட்டது. மாத்திரை உட்கொள்ளச் சம்மதித்தார்." தடிப்பு என்ற சொல்லையே எழுதவில்லை. வேண்டுமென்று மறைத்தேனா? இல்லை. அதைச் சாக்கு என்று முடிவுகட்டிவிட்டேன், சாக்கை யார் கார்டில் எழுதுவார்கள்?

மறுநாளே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. அங்கே என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு, தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மாமியார் "சத்து மாத்திரைதான் சாமி" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் முருகேசனே வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன பிறகு எங்கள் மையத்துக்கு ஆள் வந்தது. ஓடினேன்.

வார்டில் வாழை இலை விரித்து அதன் மேல் படுக்க வைத்திருந்தார்கள். தோல் எங்கே தொட்டாலும் கையோடு வந்தது. உதடு இருந்த இடம் கறுத்து ஒட்டிக்கிடந்தது. கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. நான் வந்தது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். நர்ஸ் ஒருத்தி என்னிடம், "நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஆறாம் நாள் பேச்சி செத்துப்போனாள்.

டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கார்டு மேஜை மேல் இருந்தது. பின்பக்கத்தை மனசுக்குள் இரண்டு தடவை படித்தார்.

"தடிப்பு இருந்துச்சா?"

"நான் போனப்ப இல்ல சார். முன்னாடி இருந்துச்சுன்னு சொன்னா."

"சொன்னாளா?"

"சொன்னா சார். வேற மாத்திரை உண்டான்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னா."

பேனாவின் மூடியை எடுத்தார், போட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "கார்டு பொய் சொல்லாதுன்னு இத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்மா. அதையும் பொய் சொல்ல வச்சுட்டீங்க" என்றார். கார்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு முகம் எனக்கு ஞாபகமே வரல" என்றார்.

மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையில், என் வருகைக்குப் பிறகு நோயாளி எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்று ஒரு கேள்வி இருந்தது. "தெரியவில்லை. இன்னும் ஒன்றிரண்டு உட்கொண்டிருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அப்படித்தான் நம்பினேன். நான் கொடுத்தது ஒன்றுதான், அதற்கு மேல் மாமியார் சொல்லியோ தானாகவோ அவளே விழுங்கியிருப்பாள், பழியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று மனசின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். எனக்கு மெமோ வரவில்லை. மேலே இருந்து "வருந்தத்தக்கது" என்று ஒரு வரி வந்தது, அத்தோடு சரி.

அடுத்த வாரம் டாக்டர் அறையில் ஒரு மர ஸ்டூல் வந்தது. கார்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருங்க. மாத்திரை சாப்பிட்ட பெறகு உடம்புல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். பெண்களாக இருந்தால் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் நான் முதுகையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். வரிசை இரண்டு மடங்கு நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

விதிப்படி நோயாளியின் வீட்டில் இருக்கிற அத்தனை பேரின் சளியையும் பரிசோதிக்க வேண்டும். பேச்சியின் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று நாலு மாதம் தள்ளினேன். கடைசியில் சளி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாமியார் வாசலுக்கு வந்தார். தெருவே கேட்கும்படி, "துணி எடுக்க எங்க வீட்டுல ஆளு இல்ல தாயி. எடுத்தவ போய்ச் சேந்துட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நூலுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற வரைக்கும் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து முருகேசன் தானாகவே மையத்துக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இருமலை அடக்கிக்கொண்டு, "நீங்க வந்துட்டுப் போனதா ஆத்தா சொல்லுச்சு" என்றார். சளியில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஓட்டை. மருந்து சாப்பிடாவிட்டால் அவர் போய்விடுவார், அந்தப் பிள்ளை அனாதையாகிவிடும். சாப்பிடச் சொல்வதற்கு அங்கே இருந்த ஆள் நான்.

மருந்து அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். "அவளுக்குக் குடுத்தது எது? காட்டுங்க."

ஜாடியை எடுத்துக் காட்டினேன்.

"இதுக்குப் பேரு இல்லையா?"

எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியிடம் பேரைச் சொன்னேன். "ரெண்டு மருந்து கலந்தது தம்பி. ஐ.என்.எச். ஒண்ணு. தயாசிடசோன் ஒண்ணு. அவ உடம்பு ஏத்துக்காதது ரெண்டாவதுன்னு டாக்டர் சொன்னாரு."

"இதுக்குப் பதிலா வேற இல்லையா?" என்றவர் நிறுத்தினார். "அவளும் இதத்தான உங்ககிட்டக் கேட்டா? ஆத்தா உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமா. கேட்டா." வேறென்ன சொல்ல முடியும்? "இருக்கு தம்பி. அன்னைக்கும் இருந்துச்சு. வாங்க, டாக்டர்கிட்டயே கேப்போம்."

அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. என் சர்வீசில் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. முருகேசன் ஸ்டூலில், டாக்டர் எதிரில், நான் சுவரோரம். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அலமாரியில் இருந்த ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வரிசையாக வைத்தார். ஊசி மருந்துக் குப்பியையும் வைத்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உங்க சம்சாரத்துக்கு ஆனது உங்களுக்கும் ஆகும்னு இல்ல. பெரும்பாலானவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது."

"இருக்கட்டும் சார். அது மட்டும் வேணாம். எந்தொண்டையில எறங்காது."

"சரி." அந்தக் கலப்பு மாத்திரையைத் தாளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "ஐ.என்.எச். தனியா இருக்கு, அது கட்டாயம் வேணும். ஆனா அது ஒண்ணு மட்டும் குடுத்தா கிருமி அதுக்குப் பழகிரும். கூட இன்னொண்ணு சேக்கணும். அந்த இன்னொண்ணுக்கு மூணு வழி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு தொல்லை உண்டு. தொல்லை இல்லாத மருந்து எங்கிட்ட இல்ல."

பாஸ் என்ற மருந்தைக் காட்டினார். நாளுக்குக் கை நிறையச் சாப்பிட வேண்டும், வயிற்றைப் புரட்டும், பேதியாகும். முருகேசன், "வேலைக்குப் போக முடியுமா?" என்றார். "கஷ்டம்தான்" என்றார் டாக்டர். அடுத்தது எத்தாம்புடால். ஸ்டாக் குறைவு, ஆனால் எழுதி வாங்கித் தர முடியும். "இது நல்ல மருந்து. ஆனா சில பேருக்குக் கண்ணைத் தொடும். பார்வை மங்கும், செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாமப் போகும். சட்டுனு நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வந்துரும். வரும்னு கையடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"கலர் தெரியாமப் போகுமா?" முருகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சேலைக் கரைக்கு நூல் மாத்துறது நாந்தான் சார். அரக்குக்கும் குங்குமக் கலருக்கும் வித்தியாசம் தெரியலைன்னா மொதலாளி அன்னைக்கே போகச் சொல்லிருவாரு. அந்த ஊசி என்ன பண்ணும்?"

"ஸ்ட்ரெப்டோமைசின். வாரத்துக்கு ரெண்டு நாளு இங்க வந்து போட்டுக்கணும், ஒரு வருஷம். அன்னைக்கே ஐ.என்.எச். மாத்திரையும் இங்கயே. இது காதைத் தொடும். தலை சுத்தும், நடை தள்ளாடும். காது போச்சுன்னா திரும்பாது."

முருகேசன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "காதுல பாதியைத் தறி எப்பவோ வாங்கிருச்சு சார். மீதியை நீங்க எடுத்துக்கங்க. கண்ண விட்டுருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவசரமில்ல. வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்றார். முருகேசன் தலையை அசைத்தார். "யார்கிட்டப் பேச?" என்று கேட்டார். அன்றைக்கே முதல் ஊசி போட்டோம்.

ஊசி போடுவது நர்ஸின் வேலை. அதற்கு முன்னால் கேட்பதும் பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடச் சொல்லி, என் கைக்கடிகாரத்தை முதலில் வலது காதுக்குப் பக்கத்திலும் பிறகு இடது காதுக்குப் பக்கத்திலும் வைப்பேன். டிக்டிக் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பிறகு சிமெண்டுத் தரையில் இருந்த விரிசலின் மேலேயே நடக்கச் சொல்வேன், தள்ளாடுகிறதா என்று பார்க்க. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பேன். எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே கார்டில் எழுதுவேன். கேட்டதற்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வருஷம். நல்ல வேளை, அவருடைய ஆத்தாவுக்கும் பிள்ளைக்கும் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

ஐந்தாம் மாதம் விரிசலை விட்டுக் கால் விலகியது. எழுதினேன், டாக்டரைக் கூப்பிட்டேன். ஊசியின் அளவைக் குறைத்தார். தலைசுற்றல் நின்றது. இடது காது மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகப் போனது. ஒன்பதாம் மாதத்தில் கடிகாரத்தை ஒட்டி வைத்தும் விரல் எழவில்லை. மருந்தை மாற்றலாமா என்று டாக்டர் கேட்டார். "கெடக்கட்டும் சார், இன்னும் கொஞ்ச நாளுதான" என்றார் முருகேசன். கடைசி மூன்று சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை.

கடைசி ஊசியும் போட்டு முடிந்தது. கார்டில் "சிகிச்சை நிறைவு" என்று எழுதினேன். போய்விடுவார் என்று பார்த்தால், மஞ்சப்பையைத் திறந்து எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தார். பச்சை ரவிக்கைத் துண்டு. வெட்டாமல், தைக்காமல், நான் கொடுத்த மடிப்போடு இருந்தது.

"அவ பெட்டியில கெடந்துச்சுக்கா. உள்ள ஆஸ்பத்திரி மாத்திரை இருக்கு. திருப்பிக் குடுத்துரணும்ல."

திரும்பி வருகிற மாத்திரையை, கொண்டு வந்தவர் எதிரில் எண்ண வேண்டும் என்பது விதி. பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினேன். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பது இருந்தது.

"எத்தனை கொறையுது?" என்றார்.

"ஒண்ணு."

"நீங்க இருந்தப்ப முழுங்குனது."

"ஆமா தம்பி."

அவள் அதற்குப் பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் உடம்பு சொன்னதைக் கேட்டு அவள் சரியாகத்தான் நிறுத்தியிருந்தாள், கேட்க வேண்டிய கேள்வியையும் சரியாகத்தான் கேட்டாள். நான் அன்றைக்கு அந்தச் சந்துக்குப் போகாமல் இருந்திருந்தால் பேச்சி உயிரோடு இருந்திருப்பாள்.

முருகேசனை நிற்கச் சொல்லிவிட்டு, இறந்தவர்களின் கார்டுக் கட்டைப் பிரித்து அவளுடையதைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே எழுதினேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதுனீங்க?" என்றார்.

மெதுவாகப் படித்தேன். வெளியே மாத்திரை வாங்க இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

முருகேசன் மேஜையைச் சுற்றி வந்து, வலது காதை என் பக்கம் திருப்பினார். "இந்தப் பக்கம் சத்தமாச் சொல்லுங்கக்கா. அந்தக் காது கேக்காது."

எழுந்து நின்றுகொண்டு, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி படித்தேன்: "தடிப்பும் வாய்ப்புண்ணும் வந்ததாகவும், வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்கும்படியும் நோயாளி என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. அதற்குப் பின் அவர் உட்கொண்டது ஒரு மாத்திரை. அதை நான் விழுங்க வைத்தேன்."